மழையில் கழலும் பெல்ற்: பழைய கரவான் வான் ஓட்டுவோருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் வரிவிளம்பரப் பக்கத்தில் 2001 முதல் 2010 வரையான டொட்ஜ் கிராண்ட் கரவான், கிறைஸ்லர் ரவுண் அன்ட் கன்றி வான்கள் இன்னமும் விற்பனைக்கு வருகின்றன. குறைந்த விலையில் ஏழு பேர் இருக்கலாம் என்பதால் புதிதாக நாட்டுக்கு வந்த குடும்பங்களும், சாமான் விநியோகம் செய்பவர்களும், பெரியவர்களைக் கோயிலுக்கும் வைத்தியரிடமும் ஏற்றி இறக்குபவர்களும் விரும்பி வாங்குகிறார்கள். வாங்கலாம். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்து வின்ட்சரிலேயே பெருமளவில் தயாரான இந்த வான்களின் 3.3, 3.8 லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் ஒழுங்காகப் பராமரித்தால் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் 2007 வரையான வான்களில் பரவலாக அறியப்பட்ட ஒரு குறை உண்டு. கனமழையில், அல்லது பாலத்தின் கீழே தேங்கி நிற்கும் தண்ணீரைக் கடக்கையில், எஞ்சினின் வெளிப் பெல்ற் நழுவிக் கழன்றுவிடும். திருத்தகத்தில் புதுப் பெல்ற் பூட்டி அனுப்புவார்கள். அடுத்த பெருமழையில் அதுவும் கழலும். உரிமையாளர் பெல்ற் தரமில்லை என்று நினைத்து இன்னொன்று வாங்குவார். காரணம் அநேகமாக வேறிடத்தில் இருக்கிறது என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்த 3.3, 3.8 எஞ்சின்களுக்கு, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் உட்பெல்ற்றான ரைமிங் பெல்ற் கிடையாது. அந்த வேலைக்கு உள்ளே சங்கிலிதான். ஆகவே “பெல்ற் அறுந்தால் வால்வு வளைந்துவிடும்” என்ற பயம் இவற்றுக்குப் பொருந்தாது. அந்தப் பயம் ஹொண்டா ஒடிசிக்கு உரியது. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினில் ரைமிங் பெல்ற் அறுந்தால் பிஸ்ரனும் வால்வும் மோதும். நீளம் குறைந்த கட்டைக் கரவானின் 2.4 லீற்றர் நாலு சிலிண்டர் எஞ்சினிலும், 2008 மொடலில் இருந்து வந்த 4.0 லீற்றர் எஞ்சினிலும் ரைமிங் பெல்ற் உண்டு. உங்கள் வானில் எந்த எஞ்சின் என்று தெரியாவிட்டால், கண்ணாடியின் கீழ் மூலையில் தெரியும் 17 இலக்க வாகன எண்ணைப் பாருங்கள். அதன் எட்டாவது எழுத்து எஞ்சினையும் பத்தாவது எழுத்து மொடல் ஆண்டையும் குறிக்கும். உதிரிப்பாகக் கடையில் வாய்வார்த்தையாக “2005 கரவான்” என்று சொல்லாமல் இந்த எண்ணைக் கொடுத்து வாங்குவதே பாதுகாப்பு.

நான் சொல்லும் வெளிப் பெல்ற் என்பது முன் வலது சில்லின் பக்கமாக, எஞ்சினின் ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் ஒற்றைப் பெல்ற். எஞ்சினின் பிரதான தண்டிலுள்ள கிராங்க் கப்பியில் இருந்து சக்தியை எடுத்து, பற்றரிக்கு மின்னேற்றும் ஓல்ரனேற்றர், பவர் ஸ்ரியரிங் பம்ப், ஏசி கொம்பிரசர், தண்ணீர்ப் பம்ப் ஆகிய நான்கையும் அதுதான் சுற்றுகிறது. எனவே அது கழன்றால் நான்கும் ஒன்றாக நிற்கும். பற்றரி விளக்கு எரியும், ஸ்ரியரிங் திடீரென்று கனக்கும், குளிர்காலமென்றால் ஹீற்றரில் இருந்து குளிர்காற்று வரத் தொடங்கும், சற்று நேரத்தில் வெப்ப முள் ஏறும். பற்றரி விளக்கை மட்டும் பார்த்து “வீடு போய்ச் சேரலாம்” என்று ஓட்டுவதுதான் எஞ்சினைக் கெடுக்கிறது. தண்ணீர்ப் பம்ப் நின்றபின் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற் ஓடாது. சில நிமிடங்களிலேயே சூடு எல்லை மீறும். இந்த எஞ்சின்களின் சிலிண்டர் ஹெட் அலுமினியம், அடிப்பாகம் இரும்பு. அளவுக்கு மீறிய சூட்டில் அலுமினியம் வளையும், ஹெட் காஸ்கற் போகும். பிறகு வானின் பெறுமதியை விடத் திருத்தச் செலவு கூடிவிடும்.

ஆகவே பற்றரி விளக்கும் ஸ்ரியரிங் கனமும் ஒன்றாக வந்தால் வேறு யோசனை வேண்டாம், பெல்ற் போய்விட்டது. அபாய விளக்குகளைப் போட்டு, இரண்டு கைகளாலும் ஸ்ரியரிங்கைப் பலமாகப் பிடித்து ஓரத்துக்கு வாருங்கள். ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளாது, கனமாக இருக்கும், அவ்வளவுதான். எஞ்சின் ஓடும்வரை பிரேக்கின் உதவி வழமைபோல் இருக்கும், அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை நிறுத்தாதீர்கள். வான் முழுதாக நின்றபின் உடனே நிறுத்துங்கள். ரேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. 401, 400, 427, கியூஈடபிள்யூ நெடுஞ்சாலைகளின் ரொறன்ரோப் பெரும்பாகப் பகுதிகள் சிலவற்றில், 2021 டிசம்பரில் இருந்து, மாகாண அரசு அனுமதித்த நிறுவனம் மட்டுமே வாகனத்தை இழுத்துச் செல்லலாம். அழைக்காமல் வந்து நிற்கும் இழுவை வண்டிக்கு அங்கே சம்மதம் கொடுக்க வேண்டியதில்லை.

இனி, ஏன் கழலுகிறது? பெல்ற்றின் உட்பக்கத்தில் நீளவாட்டில் வரம்புகள் ஓடுகின்றன. அவை கப்பியின் பள்ளங்களில் உட்கார்ந்து பிடிக்கின்றன. பெல்ற்றுக்கும் கப்பிக்கும் இடையில் தண்ணீர் புகுந்தால் பிடிப்புக் குறைந்து பெல்ற் வழுக்கும். எல்லாக் கப்பிகளும் ஒரே நேர்கோட்டில், பெல்ற் சரியான இறுக்கத்தில் இருந்தால் வழுக்கிய பெல்ற் ஒரு கீச்சொலியோடு மீண்டும் பிடித்துக்கொள்ளும். எங்காவது ஒரு கப்பி சாய்ந்திருந்தால், வழுக்கும் அந்தக் கணத்தில் பெல்ற் பக்கவாட்டில் ஒரு வரம்பு தள்ளி ஏறிவிடும். விளிம்புக்கு வெளியே தொங்கும் அந்த வரம்பு கிழிந்து நாராகி, கிராங்க் கப்பிக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றிய நாரை அகற்றாமல் புதுப் பெல்ற் பூட்டினால், அது முன் எண்ணெய் சீலுக்குள் இழுபட்டு எண்ணெய் ஒழுகத் தொடங்கலாம். பெல்ற் அறுந்து வந்த எந்த வானிலும் முதலில் தேட வேண்டியது இந்த நாரைத்தான்.

தண்ணீர் எப்படி அங்கே வருகிறது என்பதுதான் பலர் பாராமல் விடும் இடம். முன் வலது சில்லுக்கும் எஞ்சினுக்கும் இடையில் கறுப்புப் பிளாஸ்ரிக் தடுப்பு ஒன்று உண்டு. சில்லு வாரி இறைக்கும் நீரையும் பனிச்சேற்றையும் உப்பையும் மறிப்பது அதுதான். சிறு பிளாஸ்ரிக் குமிழ் ஆணிகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. பழைய வான்களில் அவை உடைந்து, தடுப்பு தொங்கி, பனிக்கட்டியில் மோதிப் பிய்ந்து போயிருக்கும். பெல்ற் மாற்றக் கழற்றியவர் திரும்பப் பூட்டாமல் விட்டதும் உண்டு. இந்தத் தடுப்பு இல்லாத வானில் எத்தனை புதுப் பெல்ற் போட்டாலும் மழைக்கு அது தாங்காது. முன் சில்லை முழுதாக இடப்பக்கம் திருப்பிவிட்டு, வலது மட்காட்டின் உள்ளே ரோச் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கப்பிகள் நேராகத் தெரிந்தால் தடுப்பு இல்லை. மலிவான பாகம், ஆணிகளைத் தனியாகப் பொதியாகவே விற்கிறார்கள். என் கணிப்பில் இந்த வானுக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சிறு செலவு இதுதான்.

அடுத்தது ரென்ஷனர். பெல்ற்றை எப்போதும் இறுக்கி வைத்திருக்கும் சுருள்வில்லுக் கை அது. ஆண்டுகள் போக வில் தளரும், கையின் அச்சில் இருக்கும் புஷ் தேய்ந்து கை ஒரு பக்கம் சாயும், நுனியிலுள்ள கப்பியின் பெயரிங் காயும். வில் தளர்ந்தால் வழுக்கும், கை சாய்ந்தால் பெல்ற் ஓரத்துக்கு ஓடும். எஞ்சின் ஓடும்போது கையைக் கவனியுங்கள். மெல்லிய நடுக்கம் இயல்பு. முன்னும் பின்னும் துள்ளினால் சரியில்லை. எஞ்சினை நிறுத்தி, நீளக் கைபிடிச் சாவியால் கையை ஆட்டிப் பார்க்கையில் இடையில் சிக்கினாலோ, கரகரத்தாலோ, பக்கவாட்டில் அசைந்தாலோ முழு ரென்ஷனரையும் மாற்ற வேண்டும். பத்துப் பதினைந்து வருடப் பழைய ரென்ஷனரில் புதுப் பெல்ற் மட்டும் போடுவது பணத்தை வீணாக்குவது.

பவர் ஸ்ரியரிங் பம்ப்பின் கப்பி தண்டில் அழுத்திப் பொருத்தப்படுவது. ஆணி போட்டு இறுக்குவதல்ல. பம்ப்பை மாற்றும்போது பழைய கப்பியை இழுவியால் கழற்றிப் புதுப் பம்ப்பில் அழுத்துவார்கள். அதைத் தண்டின் முகத்தோடு மட்டமாக நிறுத்த வேண்டும். ஓரிரு மில்லிமீற்றர் கூடவோ குறையவோ போனாலே மற்றக் கப்பிகளின் கோட்டில் இருந்து விலகிவிடும். உலர்ந்த நாட்களில் லேசாகக் கிறீச்சிடும், மழையில் பெல்ற் ஏறிவிடும். “ஸ்ரியரிங் பம்ப் மாற்றியதில் இருந்துதான் பெல்ற் கழலுகிறது” என்று உரிமையாளர் சொன்னால் முதலில் நேர்கோல் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. பம்ப்பின் குழாய்கள் ஒழுகுவதும் பழைய வான்களில் சாதாரணம். அந்தத் திரவம் பெல்ற்றில் பட்டால் இறப்பர் ஊறி மென்மையாகும். திரவம் ஊறிய பெல்ற்றைக் கழுவிப் பாவிக்க முடியாது. ஒழுக்கை நிறுத்திவிட்டுத்தான் புதியதைப் பூட்ட வேண்டும்.

கிராங்க் கப்பி ஒரே துண்டுபோலத் தெரியும். உண்மையில் நடுக்குடத்துக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் இறப்பர் வளையம் இருக்கிறது, அதிர்வை விழுங்க. இறப்பர் பிரிந்தால் வெளி வளையம் தள்ளாடும், அல்லது பின்னோக்கி நகரும். குடத்திலும் வளையத்திலும் குறுக்காக ஒரு சுண்ணக்கோடு போட்டு, சில நாள் ஓடியபின் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் கப்பி முடிந்தது. சில வான்களின் ஓல்ரனேற்றரில் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் சிறப்புக் கப்பி உண்டு. அது இறுகிப்போனால் ஒவ்வொரு சுற்றிலும் பெல்ற்றை உலுக்கும், ரென்ஷனர் துள்ளும். அப்போது ரென்ஷனரை மாற்றினாலும் துள்ளல் நிற்காது.

எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் தொய்ந்ததால் பெல்ற் கழலுகிறது என்று சொல்லி மவுண்டை மாற்றுவோரும் இருக்கிறார்கள். எல்லாக் கப்பிகளும் எஞ்சினோடு சேர்ந்தே அசைகின்றன. மவுண்ட் தொய்ந்தால் எஞ்சின் முழுதும் இறங்குமே தவிர ஒரு கப்பி மற்றதை விட்டு விலகாது. மவுண்ட் பழுது என்றால் அதை வேறு காரணத்துக்காக மாற்றுங்கள்.

பெல்ற்றைப் பார்த்து மதிப்பிடும் முறையும் மாறிவிட்டது. முன்னைய நியோப்பிரீன் பெல்ற் வயதானால் வெடிக்கும். வரம்புகளுக்குக் குறுக்கே ஓடும் சிறு வெடிப்புகள் ஓரளவுக்கு இயல்பு. வரம்பின் நீளத்துக்கு ஓடும் வெடிப்பு இயல்பல்ல. இப்போது விற்கும் ஈபீடிஎம் இறப்பர் பெல்ற்றுகள் எளிதில் வெடிப்பதில்லை. ரயரின் பூப்போல மெல்ல மெல்லத் தேயும். வரம்புகளுக்கு இடையிலுள்ள பள்ளம் அகன்று, வரம்பின் நுனி கப்பிப் பள்ளத்தின் அடியைத் தொட்டால் பக்கவாட்டுப் பிடிப்புப் போய்விடும். கண்ணுக்குப் புதிதுபோலத் தெரியும் பெல்ற் மழையில் வழுக்குவது இதனால். உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் சிறு பிளாஸ்ரிக் அளவியைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு ஓரம் மட்டும் பிசிறியிருந்தால் கப்பி சாய்வு. வரம்புகள் கண்ணாடிபோல மினுங்கினால் வழுக்கல். பள்ளத்தில் இறப்பர் உருண்டைகள் அடைந்திருந்தால் சாய்வோ தளர்வோ, இரண்டில் ஒன்று.

சத்தத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் சும்மா ஓடும்போது, தெளிப்பான் போத்தலால் தூரத்தில் இருந்து பெல்ற்றின் வரம்புப் பக்கத்தில் கொஞ்சம் வெறும் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சில நொடி நின்று மீண்டும் வந்தால் கப்பி நேரில்லை. தெளித்தவுடன் சத்தம் கூடினால் இறுக்கம் போதாது. தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சால்வை, கைவளையல் எதுவும் அருகில் வரக்கூடாது. கடையில் விற்கும் பெல்ற் தெளிமருந்து, சவர்க்காரம், மெழுகு எதையும் பூசாதீர்கள். சத்தம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும், பசையில் மண் ஒட்டித் தேய்வு கூடும்.

மாற்றும் வேலையைத் தாங்களே செய்யக்கூடியவர்களுக்கு: எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன் வலது பக்கத்தை ஜக்கால் உயர்த்தித் தாங்கியின் மேல் இறக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். சில்லையும் தடுப்பையும் கழற்றியபின், பெல்ற் ஓடும் வழியைக் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். பெல்ற் ஏற்கெனவே போய்விட்டது என்றால் எஞ்சின் மூடியின் கீழ் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்க்கலாம். அது உரிந்திருந்தால் வரைபடத்தைக் கடையில் கேட்டு வாங்கிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ரென்ஷனர் கையைச் சாவியால் இறுக்கத்துக்கு எதிராகத் திருப்பி, பெல்ற்றை எடுத்து, கையை மெதுவாகத் திரும்ப விடுங்கள். சட்டென்று விட்டால் உள்ளே உடையும்.

பெல்ற் இல்லாத இந்த நேரம்தான் பொன்னான நேரம். ஒவ்வொரு கப்பியையும் கையால் சுற்றுங்கள். கரகரப்பு, ஆட்டம், மணல் அரைவது போன்ற சத்தம் எது இருந்தாலும் அந்தப் பெயரிங் போகப்போகிறது. எதையும் இயக்காமல் பெல்ற்றுக்கு வழிகாட்ட மட்டும் சுற்றும் ஐட்லர் கப்பி மலிவு. சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள். தண்ணீர்ப் பம்ப்பின் கப்பியை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டமோ, அடியில் கூலன்ற் காய்ந்த வெள்ளைக் கறையோ இருந்தால் அதையும் இப்போதே செய்வது நல்லது. பள்ளங்களில் அடைந்த இறப்பரையும் உப்பையும் நைலோன் தூரிகையாலும் பிரேக் சுத்திகரிப்பானாலும் துடையுங்கள்.

பழைய பெல்ற்றையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முதுகிலுள்ள இலக்கத்தில் “பீகே” (PK) என்ற எழுத்துக்கு முன்னால் இருப்பது வரம்புகளின் எண்ணிக்கை, பின்னால் இருப்பது மில்லிமீற்றரில் நீளம். ஒரு வரம்பு குறைந்த பெல்ற்றைச் “சமாளிக்கும்” என்று போடாதீர்கள். நீளம் கூடினால் ரென்ஷனர் தன் எல்லைக்கு வந்துவிடும், இறுக்கம் வராது. பூட்டும்போது திருகாணிச் சாவியால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் இழைகள் முறியும். வெளியே தெரியாது, சில வாரத்தில் அறும். எல்லாக் கப்பியிலும் போட்டு முடித்து, கடைசிக் கப்பியில் ஏற்றும்போதுதான் ரென்ஷனரைத் திருப்ப வேண்டும். பிறகு ஒவ்வொரு கப்பியிலும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பூட்டுபவர்கள் விடும் மிகப் பொதுவான பிழை, கீழே கண்ணுக்கு எட்டாத ஒரு கப்பியில் ஒரு பள்ளம் தள்ளி உட்கார்த்துவது. கிராங்க் ஆணியில் சாவி போட்டு எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி மீண்டும் தடவுங்கள். எல்லாம் சரியென்றால் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, தண்ணீர் தெளித்துப் பார்த்துவிட்டுத் தடுப்பைப் பூட்டுங்கள். தடுப்பில்லாமல் வேலை முடிவதில்லை.

இவ்வளவும் செய்த பின்னும் மழையில் கழன்றால், 2001 முதல் 2007 வரையான 3.3, 3.8 எஞ்சின்களுக்கென்று சில உதிரிப்பாக நிறுவனங்கள் விற்கும் திருத்தத் தொகுதியைக் கேளுங்கள். கூடுதல் ஐட்லர் கப்பி மூலம் பெல்ற் சுற்றிப் பிடிக்கும் அளவைக் கூட்டுவது அதன் நோக்கம். ஆனால் உடைந்த தடுப்பையும் சாய்ந்த கப்பியையும் வைத்துக்கொண்டு அதை மட்டும் போடுவதில் பலனில்லை.

குளிர்காலத்துக்கு ஒன்று. பகலில் கப்பிகளில் ஒட்டிய பனிச்சேறு எஞ்சின் சூட்டில் உருகி, இரவில் பள்ளங்களில் பனிக்கட்டியாக உறையும். காலையில் எஞ்சினை இயக்கியவுடன் பலத்த கிறீச்சொலி வந்தால் எஞ்சினின் வேகத்தை உயர்த்தாதீர்கள். ஏசியையும் முன்கண்ணாடிப் பனி நீக்கியையும் அணைத்து, சத்தம் அடங்கும்வரை சும்மா ஓடவிடுங்கள். பனி நீக்கியைப் போட்டால் ஏசி கொம்பிரசரும் சேர்ந்து இயங்கி பெல்ற்றில் பாரத்தைக் கூட்டும்.

திருத்தகத்தில் கொடுத்துச் செய்பவர்கள் எழுத்து மூல மதிப்பீட்டைக் கேளுங்கள். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மதிப்பீடு தந்தபின் இறுதித் தொகை அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. கழற்றிய பாகங்களை, வேண்டாம் என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லாவிட்டால், திரும்பத் தர வேண்டும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பழைய பெல்ற்றின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்பதில்தான் காரணம் எழுதியிருக்கிறது, அடுத்த முறை பார்ப்பவருக்கு அது தேவைப்படும். பொருத்திய பாகங்களுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை, உத்தரவாதம் உண்டு. பற்றுச்சீட்டில் “பெல்ற்” என்று மட்டும் எழுதாமல், ரென்ஷனர், ஐட்லர், தடுப்பு எவை மாற்றப்பட்டன, கிலோமீற்றர் வாசிப்பு என்ன என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அந்த 90 நாளுக்குள் பெல்ற் மறுபடி கழன்றால் வானை அதே திருத்தகத்துக்கே இழுவையில் கொண்டுபோய், அந்தப் பற்றுச்சீட்டையும் பழைய பெல்ற்றையும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர் ஒருவர்
ஸ்காபரோ